‘ங்க’ படுத்திய பாடு

எனக்கு சூப்பர்வைசர் வேலை கிடைத்ததற்கு ஒரே காரணம் என் தொண்டை. படிப்பு ப்ளஸ் டூ, அதிலும் கணக்கில் தட்டுத்தடுமாறித்தான் பாஸ். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில், செக்கிங் டேபிளில் பீஸ் பார்க்கிற பெண்ணாகச் சேர்ந்தேன். நாலு வருஷம் நின்றுகொண்டே டீ-ஷர்ட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, ஓட்டையோ எண்ணெய்க்கறையோ கோணல் தையலோ இருந்தால் அம்புக்குறி ஸ்டிக்கர் ஒட்டிக்கொண்டிருந்தேன். ஒருநாள் கரண்ட் போய், ஜெனரேட்டர் அலறிக்கொண்டிருந்த நேரத்தில், ஹாலின் அந்தக் கோடியில் இருந்த டெய்லர் ஒருவரை இந்தக் கோடியிலிருந்து கூப்பிட்டேன். அவர் திரும்பினார். அவரோடு மொத்த ஹாலும் திரும்பியது. மாடிப்படி இறங்கிக்கொண்டிருந்த புரொடக்‌ஷன் மேனேஜரும் நின்று திரும்பிப் பார்த்தார்.

அவரை எல்லோரும் பி.எம். என்போம். கையில் இரண்டு செல்போன், இரண்டிலும் ஒரே நேரத்தில் கத்தக்கூடியவர். மேய்க்கிற வேலைக்குச் சத்தம்தான் முக்கியம் என்பது அவருடைய சித்தாந்தம். மறுவாரம் கேபினுக்குக் கூப்பிட்டார்.

“ஏம்மா, மூணாவது லைன நீ பாத்துக்கறயா? மூணு மாசம் பாப்பேன். செரியா வந்தா நீதான் சூப்பர்வைசர். இல்லைன்னா மறுக்கா செக்கிங் டேபிளு. செரியா?”

அப்போது எங்கள் ஹாலில் ஆறு லைன். மற்ற ஐந்துக்கும் ஆண்கள்தான் சூப்பர்வைசர். நான் முதல் பெண். அன்று சாயங்காலமே ஒரு ரூபாய் பூத்தில் நின்று சங்கரன்கோவில் பக்கத்தில் இருக்கிற எங்கள் ஊருக்குப் போன் போட்டு அம்மாவிடம் சொன்னேன், அத்தையிடம் சொன்னேன், என்னைப் பற்றி விசாரிக்கவே விசாரிக்காத பெரியம்மாவையும் கூப்பிட்டு வைத்துச் சொன்னேன். ஊர் முழுக்கத் தண்டோரா போட்டாயிற்று. அதற்குப் பிறகு செக்கிங் டேபிளுக்குத் திரும்பிப் போவது என்றால் நான் செத்தே போயிருப்பேன். அந்த மூன்று மாதமும் எனக்கு வேறு நினைப்பே இல்லை. இந்த வேலை நிலைக்க வேண்டும், அவ்வளவுதான்.

லைன் என்றால் இருபத்துச் சொச்சம் மெஷின். பாதிக்கு மேல் எங்கள் பக்கத்துப் பெண்கள். தென்காசி, சங்கரன்கோவில், கோவில்பட்டி என்று கூட்டம் கூட்டமாக வந்து ஒரே ஹாஸ்டலில் இருந்தவர்கள். மீதிப் பேர் உள்ளூர்க்காரர்கள். அந்த உள்ளூர்க்காரர்களில், துணி ஓரங்களைச் சேர்த்துத் தைக்கிற ஓவர்லாக் மெஷின் டெய்லர் ஒருவர் இருந்தார். பல்லடத்துக்குப் பக்கத்தில் பரம்பரையாகத் தறி நெய்கிற குடும்பம். வயது நாற்பத்தைந்து இருக்கும். நெற்றியில் திருநீறு, சட்டைப் பையில் சின்னதாக ஒரு முருகன் படம், பேச்சு கொஞ்சம், வேலை சுத்தம். ஒன்பது வருஷமாக அதே கம்பெனி, அதே நாற்காலி. அவர் தைத்த பீஸில் நான் செக்கிங்கில் இருந்தவரை ஒரு ஸ்டிக்கர்கூட ஒட்டியதில்லை.

எங்கள் ஊரில் அண்ணனை “அண்ணே, வா” என்றுதான் கூப்பிடுவோம். அண்ணே என்பதிலேயே மரியாதை வந்துவிட்டது. அப்புறம் தனியாக ஒரு மரியாதை எதற்கு? நான் முதல் நாளே அவரைப் பார்த்து, “அண்ணே, இங்க வா. அந்தத் துணிக் கட்ட எடுத்துப் போடு,” என்றேன். பாசமாகத்தான் சொன்னேன். அவர் எழுந்து வந்தார். கட்டை எடுத்துப் போட்டார். “செரிங்க,” என்றார்.

கொங்கு நாட்டில் நாய்க்குட்டியைக்கூட ‘வாங்க’ என்று கூப்பிடுவார்கள் என்று எங்கள் ஹாஸ்டலில் கேலி பேசுவோம். ஒன்பது வருஷம் ‘வாங்க போங்க’ கேட்டுப் பழகிய மனிதரை, மகள் வயதில் ஒருத்தி எல்லோருக்கும் முன்னால் ‘வா, போடு’ என்றால் அவருக்கு எங்கே போய் ஏறியிருக்கும் என்று எனக்கு அப்போது தெரியாது. அவர் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. இந்த ஊர்க்காரர்கள் முகத்தில் ஒன்றும் தெரியாது. அதுதான் பெரிய தொல்லை.

அந்த ‘செரிங்க’ வேறு என்னைப் படாதபாடு படுத்தியது. நான் அதை ‘சரி, செய்கிறேன்’ என்று எடுத்துக்கொண்டேன். மத்தியானத்துக்குள் இந்தக் கட்டு முடியணும் என்பேன். “செரிங்க.” முடியாது. ஏன் முடியவில்லை என்று குதிப்பேன். “நூலு வரலீங்க.” அதைக் காலையிலேயே சொல்வதற்கென்ன? “நீங்க கேக்கலீங்க.” மெல்ல மெல்லத்தான் புரிந்தது. அந்த ‘செரிங்க’வுக்கு ‘நீ பேசியது என் காதில் விழுந்தது’ என்று மட்டுந்தான் அர்த்தம். செய்வேன் என்றோ, நீ சொல்வது சரி என்றோ அதில் ஒரு வாக்குறுதியும் கிடையாது.

இரண்டாம் மாதத்தில் கம்பெனி எங்களை எல்லாம் ஒரு வகுப்பில் உட்காரவைத்தது. கேன்டீனுக்கு மேல்மாடியில் திரை கட்டி, கோயம்புத்தூரிலிருந்து டை கட்டிய ஒருவர் வந்து, நல்ல தலைவனுக்கு வேண்டிய குணங்கள் என்று ஒவ்வொன்றாகப் படம் போட்டுக் காட்டினார். சிரித்த முகமாக இருக்க வேண்டும். தினமும் ஒவ்வொருவரையும் பாராட்ட வேண்டும். மரியாதையாகப் பேச வேண்டும். எதிராளி பேசும்போது தலையாட்டிக் கேட்க வேண்டும். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு பி.எம். முன்வரிசையில் உட்கார்ந்து தூங்கித் தூங்கி விழுந்தார். அவர் தலையாட்டுவதைப் பார்த்து, “சார் எவ்வளவு கவனமாகக் கேட்கிறார் பாருங்கள்,” என்று வகுப்புக்காரர் அவரையே உதாரணம் காட்டினார். நாங்கள் கைதட்டியதில் பி.எம். எழுந்துவிட்டார்.

எனக்கு ஒரு கெட்ட பழக்கம் உண்டு. எதைச் செய்தாலும் அரைகுறையாகச் செய்யத் தெரியாது. மறுநாள் காலை எட்டரைக்கு லைனில் இறங்கினேன், வகுப்பு மொத்தத்தையும் ஒரே நாளில் இறக்கிவிடுவது என்று. முதல் மெஷினில் எங்கள் பக்கத்து ஊர்ப் பெண் ஒருத்தி. நேற்று வரைக்கும் அவளை “ஏட்டி, தூங்குதியா?” என்றுதான் விசாரித்திருக்கிறேன். அன்று அவள் பக்கத்தில் போய், எல்லாப் பல்லும் தெரியச் சிரித்து, “வணக்கங்க. நல்லா இருக்கீங்களா? ரொம்ப அருமையா தைக்கிறீங்க,” என்றேன்.

அவள் மெஷினை நிறுத்தினாள். முகம் வெளுத்துவிட்டது.

“யக்கா, நான் என்ன தப்பு பண்ணேன்?”

“தப்பு ஒண்ணும் இல்லீங்க. நீங்க நல்லாத்தான்...”

“பொறவு ஏங்க்கா வாங்க போங்கன்னு பேசுத? என்ன வேலைய விட்டு நிறுத்தப் போறாங்களாக்கா?” என்று ஓவென்று அழுதுவிட்டாள். பக்கத்து மெஷின்காரியும் நின்றுவிட்டாள். அதற்குள் லைன் கடைசி வரைக்கும் செய்தி போய்விட்டது, ஆள் குறைக்கப் போகிறார்கள் என்று.

அவள் மேல் குற்றமே இல்லை. எங்கள் வீடுகளில் ‘ங்க’ வந்தால் கலவரம் வரப் போகிறது என்று அர்த்தம். அம்மா நம்மைப் பார்த்து “வாங்க மகாராணி” என்றால் கையில் விளக்குமாறு இருக்கும். கம்பெனியிலும் அதே கதைதான். ஆபீஸ்காரர் யாரையாவது உள்ளே கூப்பிட்டு “உக்காருங்கம்மா” என்று சொன்னால், அந்தம்மா அன்றைக்கே பெட்டியைக் கட்டுவாள்.

ஓவர்லாக் அண்ணனிடம் போனேன். இவருக்காவது ‘ங்க’ பிடிக்குமே. அதே சிரிப்போடு பக்கத்தில் நின்று, “நல்லா தைக்கிறீங்கண்ணா,” என்றேன். அவர் கையிலிருந்த பீஸை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். திருப்பிப் பார்த்தார். தையலை இழுத்துப் பார்த்தார்.

“எங்கீங்க தப்பு?”

“தப்பு இல்லண்ணா, பாராட்டுறேன்.”

என் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். “ஏனுங்க அம்மிணி, ஒடம்புக்குச் சொகமில்லீங்களா?” என்றார், உண்மையான கவலையோடு.

அன்று மூன்றாவது லைனில் ஓடியது பாதி வேலைதான். சாயங்காலம் பி.எம். வந்து, “என்ன பண்ணித் தொலைச்ச?” என்றார். “பாராட்டினேன் சார்,” என்றேன். மறுநாள் காலை நான் வழக்கம்போல “ஏட்டி, கைய என்ன கட்டியா போட்டிருக்கு?” என்று ஒரு போடு போட்டதும் பெண்கள் எல்லாரும் நிம்மதியாகச் சிரித்துக்கொண்டே தைக்க ஆரம்பித்தார்கள். அதோடு வகுப்பில் சொன்னது மொத்தமும் பொய் என்று முடிவுகட்டினேன். முன்னைவிட இரண்டு மடங்கு கத்தினேன். ‘ங்க’ போட வேண்டியவருக்கும் போடாமல் விட்டேன். அங்கேதான் வினை.

மூன்று மாதம் முடியப் பன்னிரண்டு நாள் இருந்தது. சின்னப் பிள்ளைகளுக்கான டீ-ஷர்ட் ஆர்டர் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. உடம்பின் பக்கவாட்டுத் தையலில் ஒரு சின்ன லேபிள் வைத்துத் தைக்க வேண்டும். எந்தப் பக்கம் என்று வந்திருந்த காகிதத்தில் ‘லெஃப்ட்’ என்று இருந்தது. அதற்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு வார்த்தை இங்கிலீஷில் இருந்தது. அதை நான் படிக்கவில்லை. பீஸை மேசையில் விரித்தேன். என் இடது கைப் பக்கம் இருந்த ஓரத்தில் லேபிளை வைத்துக் காட்டி, “இங்க. பீச்சாங்கைப் பக்கம். எல்லாருக்கும் புரிஞ்சுதா?” என்று முழங்கினேன்.

பக்கவாட்டுத் தையல் ஓவர்லாக் மெஷினில்தான் வரும். அதனால் லேபிள் வைப்பது அந்த அண்ணன். கொஞ்ச நேரத்தில் ஒரு பீஸை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். அந்தக் குட்டிச் சட்டையைத் தன் நெஞ்சில் வைத்துப் பிடித்துக்கொண்டு, “ஏனுங்க, இந்த லேபிளுங்க...” என்று ஆரம்பித்தார்.

நான் வேறு ஒரு பெண்ணிடம் கத்திக்கொண்டிருந்தேன். திரும்பிக்கூடப் பார்க்காமல், “அண்ணே, உனக்குப் பீச்சாங்கை எது, சோத்தாங்கை எதுன்னு தெரியாதா? சொன்னதச் செய்யி, போ,” என்றேன். லைன் முழுக்கச் சிரித்தது. எனக்கு அந்தச் சிரிப்பு பிடித்திருந்தது, அதையும் சொல்லிவிடுகிறேன்.

“செரிங்க,” என்றார் அவர். போய் உட்கார்ந்து, அன்று முழுக்க, நான் சொன்னபடியே, ஒரு நூல் பிசகாமல் தைத்தார்.

மறுநாள் வாங்குகிற கம்பெனியின் ஆபீஸிலிருந்து சரக்குப் பார்க்கிறவர் வந்தார். ஒரு பீஸை எடுத்தார். ஆறு வயதுப் பிள்ளைச் சட்டையைத் தன் தொப்பையின் மேல் வைத்துப் பிடித்தார். குனிந்து லேபிளைப் பார்த்தார். “இது லெஃப்டா?” என்றார்.

“லெஃப்ட்தான் சார்,” என்றேன் நான்.

“யாருக்கு லெஃப்ட்?”

சட்டையை மேசையில் விரித்துப் பார்க்கிறவளுக்கு அது இடது. போட்டுக்கொள்கிற பிள்ளைக்கு அது வலது. காகிதத்தில் அந்த இரண்டு வார்த்தையில் இருந்ததும் அதுதான், போட்டுக்கொள்கிறவருக்கு இடது என்று. ஹாலில் இருந்த அத்தனை பேரும் எங்கள் கைகளைத் தூக்கிப் பார்த்துக்கொண்டோம். பி.எம்.கூடப் பார்த்துக்கொண்டார். ஒரு நாள் முழுக்கத் தைத்தது மொத்தமும் தப்பு. அத்தனையையும் பிரித்துத் தைக்க வேண்டும்.

பி.எம். முதல் தடவையாகக் கத்தாமல் பேசினார். “யாரு பாத்த வேலை இது?”

என் கை நாக்குக்கு முன்னால் நீண்டுவிட்டது. “ஓவர்லாக் அண்ணன்தான் சார் தைச்சது. நான் சரியாத்தான் சொன்னேன்.”

பதினொரு நாள்தான் பாக்கி, இந்த வேலை போய்விடக் கூடாது என்பதைத் தவிர எனக்கு அந்த நிமிஷத்தில் வேறு ஒன்றுமே மனசில் இல்லை. பொய் சொல்கிறோம் என்றுகூடத் தோன்றவில்லை. சொல்லி முடித்த பிறகுதான் தோன்றியது.

அண்ணன் எழுந்து நின்றார். என்னைப் பார்த்தார். கோபம் இருந்திருந்தால் எனக்குச் சௌகரியமாக இருந்திருக்கும். இல்லை. பிறகு பி.எம். பக்கம் திரும்பி, “ஆமாங்க. என்ற தப்புத்தானுங்க,” என்றார்.

“ஒம்பது வருசம் பாத்தவரு நீங்களே இப்படிப் பண்ணுனா என்னங்க அர்த்தம்? நாளைக்கிருந்து நீங்க வர வேண்டாமுங்க,” என்றார் பி.எம்.

அண்ணன் மெஷினைத் துடைத்தார். உறை போட்டு மூடினார். தன்னுடைய சொந்தக் கத்தரியை எடுத்துத் துணியில் சுற்றிப் பையில் வைத்தார். வாசலுக்குப் போகிற வழியில் என்னைத் தாண்டும்போது, “போய்ட்டு வர்றனுங்க,” என்றார். என்னிடமும் சொல்லிவிட்டுத்தான் போனார்.

முந்தின நாள் நான் அவரைக் கேலி பண்ணியதை லைன் முழுக்கக் கேட்டிருந்தது. ஒருத்தியும் வாயைத் திறக்கவில்லை. அப்பாடா, பிழைத்தோம் என்று இருந்தேன். மறுநாள் காலை லைனில் இறங்கி, “ஏட்டி, ஊசி மாத்தியாச்சா?” என்றேன்.

“மாத்திட்டேங்க,” என்றாள் முதல் மெஷின்காரி. அன்றைக்கு அழுதாளே, அவளேதான்.

விளையாடுகிறாள் என்று நினைத்து அடுத்தவளிடம் போனேன். “சொல்லுங்க மேடம்.” அதற்கடுத்தவள், “சரிங்க மேடம்.” சங்கரன்கோவில்காரி, கோவில்பட்டிக்காரி, ஒரே குழாயில் வரிசையில் நின்று குளிக்கிறவர்கள், என் தட்டில் கைவிட்டுச் சாப்பிடுகிறவர்கள், எல்லாரும் ஒருவர் பாக்கியில்லாமல் எனக்கு ‘ங்க’ போட்டார்கள். மத்தியானம் கேன்டீனில் நான் போய் உட்கார்ந்ததும், “இடம் இருக்குங்க, தாராளமா உக்காருங்க,” என்று எழுந்து வேறு பெஞ்சுக்குப் போனார்கள். ஹாஸ்டலில் என் பாயைச் சுற்றி ஒரு முழம் இடம் விட்டுப் படுத்தார்கள். நாலு நாள். யாராவது ஒருத்தி என்னை “ஏ மூதேவி” என்று திட்டமாட்டாளா என்று ஏங்கிப்போனேன்.

அண்ணனுக்குப் போன் போட்டேன். மணி அடிப்பதற்குப் பதிலாக முருகன் பாட்டு ஒன்று பாடியது. முழுதாகப் பாடி முடித்தது. அவர் எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். மறுபடியும் பாட்டு. ஐந்தாவது தடவையில் பாட்டே எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை பல்லடம் பஸ் ஏறினேன். ஹாரன் அடித்தே வழியிலிருக்கிற எல்லாரையும் வயலில் இறக்கிவிடுகிற தனியார் பஸ். என்ன பேசுவது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே போனேன். ‘அண்ணே, மன்னிச்சிரு’ என்றால் மறுபடி ‘வா போ’ ஆகிவிடும். ‘மன்னிச்சுக்கோங்க’ என்றால் நாக்கு சுளுக்கிக்கொள்கிறது. “மன்னிச்சுக்கோங்கண்ணா... மன்னிக்கோணுமுங்க...” என்று உதட்டுக்குள் உருட்டிக்கொண்டிருந்தேன். பக்கத்து சீட்டு அம்மா என்னை உற்றுப் பார்த்து, “ஏங்கண்ணு, ஊட்டுக்காரருகூடச் சண்டையா?” என்றார்.

இறங்கி, விசாரித்துப் போனால், தெரு முழுக்கத் தறிச் சத்தம். அவர் வீட்டை ஒட்டிய கொட்டகையில் அவருடைய தம்பி எட்டுப் பவர்லூம் போட்டிருந்தார். அத்தனையும் ஓடிக்கொண்டிருந்தன. அண்ணனின் மனைவி வாசலில் என்னைப் பார்த்து யார் என்று கேட்கும் முன்னால் சொம்பில் தண்ணீர் கொடுத்தார். குடித்து முடித்த பிறகுதான் கேட்டார். சொன்னேன். அவர் முகத்திலும் ஒன்றும் தெரியவில்லை. “உள்ள இருக்கறாருங்க,” என்று கொட்டகையைக் காட்டினார்.

அண்ணன் ஒரு தறிக்குப் பக்கத்தில் குனிந்து அறுந்த நூலை முடிந்துகொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் நிமிர்ந்து, “வாங்க,” என்று கைகாட்டினார். நான் கிட்டப் போய், ஒத்திகை பார்த்ததைப் பதமாகச் சொன்னேன்.

“என்னங்க?” என்று காதுக்குப் பக்கத்தில் கையை வைத்தார்.

கொஞ்சம் சத்தமாக, “தப்பு என் மேலதான்ணா, மன்னிக்கோணுமுங்க,” என்றேன்.

“கேக்கலீங்க.”

ஜெனரேட்டரை ஜெயித்த தொண்டை. தறி என்ன சுண்டைக்காய்? நெஞ்சு நிறைய மூச்சு இழுத்துக்கொண்டு, கண்ணை மூடிக்கொண்டு, “அன்னைக்குப் பொய் சொன்னவ நாந்தாங்க! இடது கை வலது கை தெரியாதவளும் நாந்தாங்க!” என்று கத்தினேன். பாதியில் கரண்ட் போய்விட்டது. நாங்கள் நின்ற கொட்டகை மட்டுமில்லை, தெருவில் இருந்த அத்தனை தறியும் ஒரே நொடியில் நின்றது. ‘இடது கை’யில் ஆரம்பித்து மிச்சம் முழுவதும் அந்த அமைதியில் தெருக்கோடி வரைக்கும் போனது. கண்ணைத் திறந்தால், எதிர்க்கொட்டகை, பக்கத்துக்கொட்டகை, மாடி என்று எல்லா இடத்திலிருந்தும் தலைகள் எட்டிப் பார்த்தன.

அண்ணன் காதிலிருந்து கையை எடுத்தார். “மொதத் தடவையே கேட்டுச்சுங்க,” என்றார்.

அவர் முகத்தில் முதன்முதலாக ஏதோ தெரிந்தது. சிரிப்பை அடக்கிக்கொண்டிருந்தார். கடங்காரர்! எனக்கு வெட்கத்தில் அழுகை வந்தது, அழுகைக்கு நடுவில் சிரிப்பும் வந்தது.

அவர் மனைவி சிரிக்கவில்லை. “சாப்பிட்டுத்தான் போகோணும்,” என்று இலை போட்டார். கீரையும் தயிரும் கொள்ளுத் துவையலும் போட்டார். நான் இரண்டாம் தடவை சோறு வாங்கும்போதுதான் வாயைத் திறந்தார். “எங்க தெருவுக்குத் தெரிஞ்சு என்னங்க ஆகும்? இவரு பேரு கெட்டது அங்கீங்க. அங்கதானுங்களே இதைச் சொல்லோணும்?”

அங்கே சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். பஸ் ஏறும்போதே தெரியும். அண்ணன் வீட்டில் மட்டும் சொல்லிவிட்டு, அவரையே எப்படியாவது சமாதானப்படுத்தி வேறு கம்பெனிக்கு அனுப்பிவிடலாம் என்று ஒரு திருட்டுத் திட்டம் வைத்திருந்தேன். தெருவுக்குத் தெரு ‘டெய்லர் தேவை’ என்று போர்டு தொங்குகிற ஊர்தானே திருப்பூர். அந்தத் திட்டத்தை அந்த அம்மாள் கீரையோடு கடைந்துவிட்டார்.

திங்கட்கிழமை காலை. கேபினுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு மெதுவாகச் சொல்லியிருக்கலாம். அப்படித்தான் நினைத்துக்கொண்டு வந்தேன். ஆனால் பேர் கெட்டது கேபினுக்குள் இல்லையே. பி.எம். லைனுக்கு வரும் வரை காத்திருந்து, எல்லா மெஷினும் நிற்கிற டீ நேரத்தில், “சார், அந்த லேபிள் தப்பு என்னோடது. நான்தான் மாத்திக் காட்டினேன். அண்ணன் கேக்க வந்தாரு, நான் கேலி பண்ணி அனுப்பிட்டேன். உங்ககிட்ட பொய் சொன்னேன்,” என்றேன்.

பி.எம். இரண்டு போன்களையும் பையில் போட்டார். “ஏன் இப்பச் சொல்ற? ஆரும் கேக்கலையே?”

“இவளுக எனக்கு ‘ங்க’ போடுறாளுக சார், தாங்க முடியல,” என்றேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை. பெண்கள் பக்கம் மட்டும் ஒரு டம்ளர் கீழே விழுந்தது.

பி.எம். மன்னிப்புக் கேட்கிற ஜாதி இல்லை. போன் போட்டும் பேச மாட்டார். ஆனால் மறுநாள் விடிந்ததும் வழக்கமாகப் பல்லடம் பக்கமே போகாத கம்பெனி வேன் போய், வீட்டு வாசலில் நின்று ஹாரன் அடித்து, அண்ணன் ஒருவரை மட்டும் ஏற்றிக்கொண்டு வந்தது. அவர் வேனிலிருந்து இறங்கினபோது டிரைவர் கதவைத் திறந்துவிட்டாராம். அதைச் சொல்லிச் சொல்லி ஒரு வாரம் லைன் சிரித்தது.

என்னைச் செக்கிங் டேபிளுக்கு அனுப்பினார்கள். மூன்று மாதம் முடிய ஐந்து நாள் இருந்தது. ஊருக்குப் போன் போட்டுச் சொன்னேன். பெரியம்மாவுக்கு மட்டும் நான் சொல்லும் முன்னாலேயே தானாகத் தெரிந்துவிட்டது. “ஏ மூதேவி, உன்ன யாருட்டி உண்மையச் சொல்லச் சொன்னா?” என்று முதல் மெஷின்காரி ஹாஸ்டலில் என்னைக் கட்டிக்கொண்டு திட்டினாள். அன்று நான் நிம்மதியாகத் தூங்கினேன். ஆனாலும், காலையில் பழைய மேசைக்கு முன்னால் பழையபடி நின்று ஸ்டிக்கரைக் கையில் எடுத்தபோது எனக்கு வலித்தது. ரொம்பவே வலித்தது.

மூன்றாவது லைனுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்தார். மீசையும் தொண்டையும் என்னைவிடப் பெரியவை. இரண்டு வாரம் போயிருக்கும். புது ஆர்டர் ஒன்று போட்ட அன்று, அண்ணன் தன் நாற்காலியிலிருந்து எழுந்தார். கையில் ஒரு பீஸ். புது சூப்பர்வைசர் நடுவழியில் நின்று கத்திக்கொண்டிருந்தார். அவரைச் சுற்றிக்கொண்டு, மெஷின்களைத் தாண்டி, ஹாலின் இந்தக் கோடியில் இருந்த என் மேசைக்கு வந்து நின்றார்.

“ஏனுங்க அம்மிணி, இந்தச் சட்டைக் கைய மாத்தி வெட்டிப்போட்டாங்களாட்ட இருக்குது. தப்புன்னு தோணுதுங்க. நீங்க ஒருக்கா பாருங்க.”

“அண்ணா, நான் இப்ப சூப்பர்வைசர் இல்லீங்களே.”

“தெரியுமுங்க,” என்றார். போகவில்லை. பீஸை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றார்.

நான் ஸ்டிக்கரைக் கீழே வைத்துவிட்டு, பீஸை வாங்கி, இந்தத் தடவை மேசையில் விரிக்காமல், என் நெஞ்சில் வைத்துப் பிடித்துப் பார்த்தேன். அவர் சொன்னது சரி. தப்புதான். எனக்கு அப்போது வந்த சந்தோஷத்தை, கையை மாற்றி வெட்டிய கட்டிங் மாஸ்டர் பார்த்திருந்தால் என்னை அடிக்கவே வந்திருப்பார்.